காங்கயத்துக் கொறங்காடுகள்

காங்கயம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது ஒரு காளை. கருத்த திமில், அகன்ற நெற்றி, பின்னோக்கி வளைந்தெழும் கொம்புகள். யாழ்ப்பாணத்து முதியோர் ‘வடக்கன் மாடு’ என்று சொல்லக் கேட்டிருப்போம். கடல் கடந்து இந்தியாவிலிருந்து வந்த காளைகளுக்கு வழங்கிய பெயர் அது. இக்காளைகளின் அழகையும் வலிவையும் பாராட்டி எழுதியோர் பலர். அவை எதைத் தின்று அந்த வலிவைப் பெற்றன என்று எழுதியோர் மிகச் சிலரே. காளையைக் காணச் செல்வோர் நிலத்தைக் குனிந்து நோக்குவதில்லை போலும். அந்நிலத்தைக் காணவே ஓர் ஆனி மாதத்தில் கொங்கு நாட்டுக்குச் சென்றேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பெருவழியிற் பயணம் செய்தல் வேண்டும். காவிரிக்கரையின் வாழையும் நெல்லும் கரூர் வரையில் நம்முடன் வந்து அங்கேயே விடைபெறுகின்றன. வெள்ளகோவிலை அடையும்போது மண் சிவந்து, சுக்கான்கல்லும் சரளையுமாகிவிடுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவிற் கிடக்கும் நாடு இது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் அப்புறத்தில் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்கையுடன் வந்து, ஆனி ஆடி மாதங்களில் இங்கே சுழன்றடிக்கின்றது. அக்காற்றை நம்பி நடப்பட்ட காற்றாலைகளுக்கு அது வாழ்வு. பயிருக்கு அது வாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகீழ்ப் பருவமழையே இவ்வட்டாரத்தின் முதல். ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தின் மழையிற் பாதியளவு. வறண்ட நாடென்று நாம் நம்முடைய ஊரைச் சொல்லிக்கொள்வதை இங்கே வந்து பார்த்தபின் சற்றே குறைத்துக்கொள்ளலாம்.

காங்கயத்தை அடுத்துச் சிவன்மலை என்னும் குன்று உள்ளது. அதன்மேல் முருகன் கோயில். அடியார் ஒருவர் கனவிற் கண்டு வந்து சொல்லும் பொருளை, அடுத்தவர் கனவு வரும்வரையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசிப்பது இக்கோயிலின் வழக்கம். குன்றின்மேல் நின்று கீழே நோக்கினால் நாடு முழுவதும் ஒரு வலையை விரித்தாற் போலத் தோன்றும். வலையின் நூல்கள் வேலிகள். கண்கள் ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து ஏக்கர் வரையில் உள்ள புற்றரை. அப்புற்றரையைத்தான் கொங்கு மக்கள் கொறங்காடு என்கின்றனர். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளெங்கும் இது பரந்து கிடக்கின்றது. காடென்று பெயர் பெற்றாலும் அரசின் காடன்று. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உடைமை. நெல்லும் கரும்பும் விளையாத நிலத்தில் புல்லையே ஒரு பயிராகக் கருதித் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர்.

முதலிற் கண்ணிற் படுவது வேலி. நம் யாழ்ப்பாணத்துக் கிளுவங்கதியாலுக்கு இனமான முட்கிளுவையை நெருக்கமாக நட்டு வளர்த்திருக்கின்றனர். மழைக்கு முன் கிளையை வெட்டி ஊன்றினால் வேர்விட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று பின்னி, ஆடும் நுழையாத அரணாகின்றது. இறந்த கதியாலுக்குப் பதிலாக ஆண்டுதோறும் புதியது நட வேண்டும், அவ்வளவே செலவு. வேலி இருப்பதால் மேய்ப்பவன் வேண்டியதில்லை. காலையிற் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டு, மாலையில் ஓட்டிவரலாம். வீட்டிலுள்ள ஒரு பெண்மணியே நான்கைந்து மாடுகளையும் ஓர் ஆட்டுப்பட்டியையும் பார்த்துக்கொள்ள முடிவது இதனாலேயே.

நான் சென்றபோது கொறங்காடு பசுமையாக இல்லை. வைக்கோல் நிறத்திற் காய்ந்து, காற்றிற் சரசரத்துக் கிடந்தது. ஒரு மரத்தடியிற் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “ஏனுங்க, மாடு பாக்க வந்தீங்களா?” என்று வினவினார். “இல்லை ஐயா, புல் பார்க்க வந்தேன்” என்றேன். அவர் சிறிது நேரம் என்னை ஏற இறங்க நோக்கிவிட்டு, எழுந்து வந்து தம் காலால் ஒரு தூரைத் தட்டினார். “இதானுங்க கொழுக்கட்டைப்புல்லு. செத்த மாதிரி கெடக்கும். சாகாது.”

சாகாமைக்குக் காரணம் தண்டின் அடியில் உள்ளது. கொழுக்கட்டைப்புல்லின் தண்டு மண்ணோடு சேருமிடத்திற் சற்றே பருத்திருக்கும். வரவிருக்கும் வறட்சிக்கென உணவை அங்கே சேமித்து வைக்கின்றது. வேர் ஓராள் ஆழத்துக்கும் மேலே இறங்கவல்லது. மேலேயுள்ள இலை முழுவதும் காய்ந்தாலும் அடியிலுள்ள குருத்துகள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் சில நாள்களில் விழித்தெழும். குருத்து மண்ணையொட்டி இருப்பதால் மாட்டின் வாய்க்கு எட்டுவதில்லை. குளம்பு மிதித்தாலும் தூர் சிதைவதில்லை. பூங்கதிர் நரிவாலைப் போல மென்மயிர் செறிந்து செந்நீலமாக இருக்கும். ஒவ்வொரு விதையும் பஞ்சு போன்ற மயிரைப் போர்த்திருப்பதால் காற்றிலும் ஆட்டின் உரோமத்திலும் ஏறிப் பரவுகின்றது.

இவ்வளவு வலிய புல்லும் ஒன்றைத் தாங்காது. ஓய்வில்லாத மேய்ச்சலே அது. புல் உணவு ஆக்குவது இலையில். மழை பெய்து முதலிலை விரிந்ததும் மாடு அதைக் கடித்தால், மீண்டும் இலைவிடுதற்குச் சேமிப்பைச் செலவிட வேண்டும். அதையும் கடித்தால் வேர் குறுகும். மூன்றாம் முறையில் தூரே மடியும். மண்ணியலார் நூல்களில் விளக்கும் இச்செய்தியை முதியவர் தம் மொழியிற் சொன்னார்: “மழை பேஞ்ச ஒடனே மாட்டை உள்ள உடமாட்டமுங்க. புல்லு பூத்து வெதை கொட்டோணும். அப்பறந்தான் படலைத் தெறப்போம்.”

பசும்புல் கண்முன் தளதளத்து நிற்க, பசித்த மாட்டை வெளியே கட்டிவைத்துச் சோளத்தட்டு இட்டுக்கொண்டிருப்பது எளிதான செயலன்று. அந்த ஐந்தாறு வாரப் பொறுமையிலேதான் இப்புற்றரையின் ஆயுள் அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

கொறங்காட்டில் நிற்கும் மரத்தையும் சொல்லாமற் செல்ல முடியாது. வெண்ணிறப் பட்டையுடைய வெள்வேல் மரங்கள் ஆங்காங்கே குடை விரித்து நிற்கின்றன. (இப்பட்டையைச் சாராயம் வடிப்போரும் தேடுவர் என்பதையும் ஒரு புறத்தே குறித்து வைப்போம்.) இலை சிறிதாதலால் நிழல் அடர்த்தியாக விழுவதில்லை, மரத்தின் கீழும் புல் வளர்கின்றது. கோடையில் இம்மரம் காய்களை உதிர்க்கின்றது. இதிலேதான் நுட்பம். பூக்குமுன் கொழுக்கட்டைப்புல்லில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் இருக்கும் புரதம், முற்றிக் காய்ந்தபின் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஏழு பங்குக்குக் குறைந்தால் மாட்டின் வயிற்றில் நார்ப்பொருளைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும்; வயிறு நிறைந்திருந்தும் மாடு மெலியும். அந்தக் காலத்திலேதான் புரதம் மிகுந்த வேலங்காய் விழுகின்றது. ஆடும் மாடும் அதைத் தின்று, வயிற்றிற் பதமாகிய விதையைச் சாணத்தோடும் பிழுக்கையோடும் இட்டு, அடுத்த மரத்தையும் விதைத்துவிடுகின்றன. மழைக்காலத்தில் நரிப்பயறு, செப்புநெருஞ்சி போன்ற அவரையினப் பூண்டுகள் புல்லிடையே படர்ந்து, காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைநிறுத்துகின்றன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொறங்காட்டை உழுவர். மிதிபட்டு இறுகிய மண் இளகுவதற்கும் நீர் உள்ளிறங்குவதற்கும் இந்த உழவு. உழுத நிலத்திற் சோளமோ கொள்ளோ விதைத்து ஒரு போகம் எடுத்தால், மண்ணிற் கிடந்த கொழுக்கட்டை விதைகளும் சோளத்தினூடே முளைத்து மறுவருடம் புதிய புற்றரையாகின்றன. சோளம் இளம்பயிராக இருக்கும்போதும் மழையின்றி வாடியிருக்கும்போதும் நஞ்சு உடையது. அதை மேய்ந்த மாடு சில நாழிகையில் விழுந்து இறத்தல் கூடும். ஆகவே அவ்வாண்டிற் படல் நெடுநாள் மூடியே இருக்கும்.

காங்கயத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் கோயம்புத்தூர். அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெயரை நம் நாட்டுப் பால்பண்ணையாளர் அறியாதிருந்தாலும், அதன் பிள்ளையை அறிவர். கோ-3 என்று நாம் வெட்டி வெட்டி மாட்டுக்கு இடும் நேப்பியர் கலப்பினப் புல் அங்கே பிறந்ததே. கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உருவாக்கிய இது, நீரும் எருவும் குறைவின்றிக் கிடைத்தால் எக்டேயருக்கு ஆண்டொன்றில் 350 தொன் பசுந்தீவனம் தருமென அப்பல்கலைக்கழகம் கணக்குரைக்கின்றது. அதே பல்கலைக்கழகம் கொழுக்கட்டைப்புல்லிலும் நீலக்கொழுக்கட்டை என்னும் தேர்வொன்றை வெளியிட்டிருக்கின்றது. அதன் விளைவு எக்டேயருக்கு 40 தொன் அளவே.

முந்நூற்றைம்பது எங்கே, நாற்பது எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். கேள்வி தவறான இடத்திற் பிறக்கின்றது. கோ-3 வெட்டும் புல். கொழுக்கட்டை மேயும் புல். நேப்பியரின் குருத்து உயர்ந்த தண்டின் நுனிக்கு ஏறிவிடுகின்றது. மாடு கடித்தால் அது போயிற்று. மிதித்தால் தூர் பிளந்து போகும். கிணறும் இறைப்பு இயந்திரமும் எருக்குவியலும், நாள்தோறும் அரிந்து சுமக்கும் கையும் உள்ள வீட்டுக்கு அது பொன் போன்றது. கட்டிப் பால் கறக்கும் பசு இரண்டு மூன்று உள்ள யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் வன்னியில் நீரில்லா மேட்டு நிலத்தில் முப்பது மாட்டை அவிழ்த்துவிடும் ஒருவர், கோ-3 துண்டங்களை வாங்கி நட்டால் முதற் கோடையிலேயே தம் முதலைப் புதைத்தவராவார். புல்லைத் தேர்பவர் முதலிற் கேட்க வேண்டியது விளைச்சலை அன்று. வெட்டுவதா, மேய விடுவதா? கோடையில் நீர் உண்டா? மாரியில் நீர் தேங்குமா? நிழலா, வெயிலா? இவற்றுக்கு விடை சொன்னபின் புல் தானே தன் பெயரைச் சொல்லும்.

நீர் தேங்கும் குளத்தோரத்துக்குக் கொழுக்கட்டை ஆகாது. சில நாள் வெள்ளம் நின்றால் அழுகிவிடும். அங்கே எருமைப்புல் என வழங்கும் நீர்ப்புல் செழிக்கும். தென்னஞ்சோலை போன்ற அரைநிழலில் கினிப்புல் நன்கு வரும். நம் நாட்டுத் தெருவோரங்களில் யாரும் விதையாமலே அடர்ந்து நிற்பதுவும் கினிப்புல்லே; மழை மறைவுச் சரிவுகளில் அது காய்ந்து தீப்பற்றுவதையும் காண்கின்றோம். வாழ்த்துரைகளில் வேரோடும் அறுகு குட்டையாகப் படர்ந்து, எவ்வளவு மிதித்தாலும் தாங்கும். ஆடுகளுக்கு ஏற்றது, மாட்டுக்குப் போதாது. கொழுக்கட்டைக்கு வேண்டுவது நீர் வடியும் மணல் கலந்த செம்மண்ணும் நிறைந்த வெயிலுமே. மண்ணிற் பொசுபரசு குறைந்திருந்தால் நாற்றுப் பருவத்தில் ஏங்கி நிற்கும். ஆட்டெரு இட்டால் ஏக்கம் தீரும். குதிரைக்கு மட்டும் இப்புல் ஆகாது. இதிலுள்ள ஒட்சலேற்று உடலிற் சேர வேண்டிய சுண்ணத்தைப் பிணித்துக்கொள்வதால், தொடர்ந்து தின்னும் குதிரையின் எலும்பு நலியும். நெடுந்தீவுக்கு இதைக் கொண்டுபோக எண்ணுவோர் அங்குள்ள குதிரைகளை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இப்புல்லின் வலிமையே சில நாடுகளில் அதன் குற்றமாயிற்று. அவுஸ்திரேலியாவின் வறண்ட மாநிலங்களில் கால்நடைக்கென்று பெருநிலங்களில் விதைக்கப்பட்டது. கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளிலிருந்து வகைகளைத் தேர்ந்தெடுத்துச் சென்றனர். மாடு கொழுத்தது உண்மை. ஆனால் வேலியைத் தாண்டிய விதை மத்திய பாலைநிலங்களிற் பரவி, காய்ந்து, காட்டுத்தீக்கு விறகாயிற்று. அமெரிக்காவின் அரிசோனாவில், தீயையே அறியாத கள்ளிப்பாலையில் இப்புல் புகுந்ததன் பின் தீயும் புகுந்தது. அங்கே இன்று தன்னார்வலர் கூட்டம் கூட்டமாகச் சென்று இதனைப் பிடுங்கி எறிகின்றனர். காங்கயத்தில் விதை கொட்டக் காத்திருக்கும் கையும், அரிசோனாவிற் பிடுங்கும் கையும் ஒரே புல்லின்மேல் வைக்கப்பட்டவை. வேலியும் மேய்ச்சலும் உள்ள இடத்தில் இது செல்வம். யாரும் மேய்க்காத காட்டோரத்தில் இதனை விதைப்பது கூடாது.

கொறங்காடுகளின் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதன்று. கிணற்றிற் கவலை இழுத்த காளையின் வேலையை நீரிறைக்கும் இயந்திரமும், வண்டியிழுத்த வேலையைச் சரக்குந்தும் எடுத்துக்கொண்டன. காங்கயம் பசு அதிகம் கறப்பதில்லை. கன்றுக்குப் போக இரண்டு மூன்று லீற்றர் கறந்தால் நல்ல பசு. உழவுக்கும் வண்டிக்கும் வேண்டாத மாட்டை எதற்காக வளர்ப்பது என்ற வினா எழுந்தது. 2017 ஆம் ஆண்டு தைமாதத்தில் சல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தபோது நாட்டு மாடுகளின்மேல் ஒரு புதிய பற்று உண்டாயிற்று. அப்பற்று காளையளவில் நின்றுவிட்டது. அது மேயும் நிலம் வரை வரவில்லை. இளைஞர் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்குச் செல்கின்றனர். பெருவழியோரக் கொறங்காடுகள் வீட்டுமனைகளாக அளக்கப்பட்டு வண்ணக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. கைவிடப்பட்டவற்றிற் சீமைக்கருவேல் புகுந்து புல்லை மூடுகின்றது. மேய்ப்பவன் வேண்டாத பட்டிக்கு வேறொரு பகையும் வந்தது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து செம்மறியாடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கோரி, 2024, 2025 ஆம் ஆண்டுகளில் உழவர்கள் இறந்த ஆடுகளோடு வீதிக்கு வந்து போராடினர். மாட்டைத் தடுக்கும் முட்கிளுவை நாயைத் தடுக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றபோது நம் நாட்டின் பட்டிக்காரரை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மட்டக்களப்பின் பெரும்பட்டிகள் தனியார் வேலிக்குள் மேய்வன அல்ல. வயல் விதைத்ததும் மாடுகளை மேற்கே மேய்ச்சற்றரைக்கு ஓட்டிச் சென்று, அறுவடைக்குப் பின் மீண்டும் கொணர்வது அங்குள்ள மரபு. அந்தத் தரை பொதுத் தரை. மாதவனை, மயிலத்தமடுப் பகுதியிற் பயிர் செய்ய வந்தோரால் தம் மாடுகளுக்கு இடமில்லாமற் போயிற்றென்று பால்பண்ணையாளர் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் அமர்ந்து போராட்டம் தொடங்கியதைப் பத்திரிகை படிப்போர் யாவரும் அறிவர். எந்தப் புல்லை விதைப்பது என்ற வினா, இது யாருடைய நிலம் என்ற வினாவுக்குப் பின்னாலேயே வர முடியும். அடுத்த மழைக்கு அங்கே இருப்போமா என்று அறியாத பட்டிக்காரர், புல் பூத்து விதை கொட்டும்வரை மாட்டைத் தடுத்து வைப்பாரென்று எதிர்பார்ப்பது எப்படி? தாம் விட்டுவைத்த புல்லை மற்றொருவர் மாடு மேயுமென்றால் யாரும் விட்டுவைக்க மாட்டார். காங்கயத்தாரிடம் நாம் கடன் வாங்கத் தக்கது புல்லின் விதையைவிட, அந்த நிலத்தின் உறுதியே. அது தனி உடைமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லையிடப்பட்டு, பதியப்பட்டு, பண்ணையாளர் சங்கமொன்றின் பொறுப்பில் பகுதி பகுதியாக ஓய்வு கொடுக்கப்படும் பொதுத் தரையாகவும் இருக்கலாம்.

மேட்டு நிலம் சொந்தமாக உள்ளவர்கள் சிறிய அளவில் முயன்று பார்க்க விரும்பினால், முறை கடினமானதன்று. அறுத்த உடனே விதைத்தால் கொழுக்கட்டை விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் உலர வைத்து உறக்கம் தெளிவித்தல் வேண்டும். ஏக்கருக்கு மூன்று கிலோ அளவு போதும். மயிர் சூழ்ந்த விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாதலால் ஈரமணலோடு பிசைந்து தூவுவர். ஆழம் ஆகாது, விரல் நகத்தின் அளவு மண் மூடினாற் போதும். தூவிய நிலத்தில் ஓர் ஆட்டுப்பட்டியை ஒருமுறை நடத்திச் சென்றால் குளம்புகளே விதையை மண்ணோடு அழுத்திவிடும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழை முளைப்பிக்கும். முதலாண்டில், பூத்து விதை உதிர்ந்தபின் அன்றி எந்த மாடும் உள்ளே நுழையலாகாது. பின்வரும் ஆண்டுகளிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கீழே மேயவிடாதிருத்தல் நன்று.

காங்கயத்துச் சந்தையில் விதை வாங்கிப் பையிற் போட்டு வரலாமே என்று கேட்போர்க்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதற்கு நம் நாட்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் கதையைக் கேட்டபின் அக்கட்டுப்பாட்டின் நியாயம் விளங்கும். அவரவர் பகுதியிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் விசாரித்து, தம் நிலத்துக்கேற்ற மேய்ச்சற்புல் உள்நாட்டிலேயே கிடைக்குமா எனக் கேட்டறிவதே முறை. கிளுவங்கதியாலுக்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அது நம் வேலிகளிலேயே இருக்கின்றது. புல்லுக்கு முன்னர் நட வேண்டியதும் அதுவே.